உண்ணாமையும் இகழாமையும்



வைப்பாறு மன்னார் வளைகுடாவில் கலக்கும் இடத்தில் அமைந்த கீழவைப்பார் என் ஊர். முத்துக்குளித்துறை என்பது எங்கள் கடற்கரைக்கு வழங்கிவரும் பழம்பெயர். முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. இப்பகுதி இளைஞர் பலர் இன்று வணிகக் கப்பல்களில் மாலுமிகளாக உலகைச் சுற்றி வருகின்றனர். என்னிடம் பயின்ற அத்தகைய மாலுமி ஒருவர் விடுமுறையில் ஊர் வந்தபோது என்னைக் காண வந்திருந்தார். உடன் பணிபுரிவோர் யாவர் என்று வினவினேன். "பாதிப்பேர் பிலிப்பைன்ஸ் நாட்டவர், ஐயா" என்றவர், கப்பலில் நிகழ்ந்த ஒன்றை எடுத்துரைத்தார்.

பிலிப்பைன்ஸ் தோழர் ஒருவரின் பிறந்தநாள். உணவு மேசையில் கருநிறமான கெட்டிக் குழம்பு ஒன்று வைக்கப்பட்டிருந்தது. அஃது என்னவென்று இவர் கேட்க, சமையற்காரர் சிரித்துக்கொண்டே "சாக்லேட்" என்றாராம். உண்டு பார்த்தால் புளிப்பும் காரமுமாக இருந்தது. மீண்டும் கேட்டபோது அவர் சற்றுத் தயங்கி, "பன்றி இரத்தம்" என்று தணிந்த குரலில் கூறினார். "எங்கள் வீட்டில் ஆட்டு இரத்தம் பொரிப்பார்கள் என்று நான் சொன்னதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது, ஐயா. இன்னும் இரண்டு அகப்பை அள்ளி வைத்தார்" என்றார் என் மாணவர்.

அதைக் கேட்டு அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. உணவின் பெயரை மறைத்துச் சொன்ன மற்றொருவனை எனக்கு நினைவு வந்துவிட்டது. அவனைப் பற்றிப் பின்னர்க் கூறுவேன். இரத்தத்தை உணவாகக் கொள்வதைப் பற்றி மக்கள் என்னென்ன எண்ணுகின்றனர், ஏன் அவ்வாறு எண்ணுகின்றனர் என்பதை முதலில் காண்போம்.

பிலிப்பைன்ஸ் மக்கள் அந்தக் குழம்பை 'டினுகுவான்' என்பர். அவர்கள் மொழியில் 'டுகோ' என்றால் இரத்தம். அச்சொல்லிலிருந்து வந்ததே இப்பெயர். பன்றி இறைச்சியையும் உள்ளுறுப்புகளையும் பூண்டு, காடி, நீண்ட பச்சை மிளகாய் ஆகியவற்றோடு வேகவைத்து, இரத்தத்தை ஊற்றிக் கிளறி இறக்குவர். காடியின் புளிப்பு இரத்த வாடையை அடக்கும். இதற்குத் துணையாக அவர்கள் உண்பது 'புட்டோ' என்னும் அரிசிப் பண்டம். அரிசியை ஊறவைத்து அரைத்து, புளிக்கவைத்து, ஆவியில் வேகவைப்பது அது. நம் இட்லிக்கு உடன்பிறப்பு என்றே சொல்லலாம். கோவாவின் கிறிஸ்தவர் இல்லங்களிலும் இதை ஒத்த இணை ஒன்று உண்டு. பன்றியின் உள்ளுறுப்புகளைக் காடியிட்டுச் சமைக்கும் 'சொர்பொத்தேல்' என்னும் குழம்பில் பலர் இரத்தமும் சேர்ப்பர். அதற்குத் துணையாவது 'சன்னா' என்னும், கள்ளிட்டுப் புளிக்கவைத்த ஆவிப்பண்டம். பதினாறாம் நூற்றாண்டில் நம் முத்துக்குளித்துறைக்கு வந்த அதே போர்த்துக்கீசியர் வழியாகக் கோவாவிற்கு வந்தது அக்குழம்பு. பிலிப்பைன்ஸ் தீவுகளை 1565 முதல் 1898 வரை ஆண்டவர் ஸ்பானியர். அவர்கள் நாட்டிலும் இரத்தத்தை அடைத்துச் செய்யும் 'மொர்சில்லா' என்னும் பண்டம் பெயர் பெற்றது.

இனி நம் வீட்டு அடுக்களைக்கு வருவோம். நான் சிறுவனாக இருந்தபோது ஞாயிற்றுக்கிழமைகளில் விடியுமுன்பே என் அன்னையார் தூக்குவாளியில் சிறிது உப்பிட்டு எடுத்துக்கொண்டு ஆடு அறுக்கும் இடத்திற்குச் செல்வார். நானும் உடன் செல்வேன். அறுத்தவுடன் வாளியில் பிடித்த இரத்தம் வீடு வந்து சேருமுன் தயிர்போல் உறைந்துவிடும். அதைத் துண்டுகளாக்கி, மஞ்சளிட்டுக் கொதிக்கும் நீரில் வேகவைப்பார். செந்நிறம் மாறிக் கருமை ஏறியதும் எடுத்து உதிர்த்து, கடுகு தாளித்து, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், சீரகம், கறிவேப்பிலையோடு வதக்கி, துருவிய தேங்காய் தூவி இறக்குவார். இரத்தப் பொரியல் என்பது அதன் பெயர். மதுரை முதலிய நகரங்களின் உணவு விடுதிகளில் இன்றும் இப்பெயரைச் சொல்லியே வாங்கி உண்கின்றனர். பிள்ளை பெற்ற தாயர்க்கும் நோயிலிருந்து தேறுவார்க்கும் இது நல்லது என்பது வழிவழி வந்த நம்பிக்கை.

ஆடு அறுப்பவர் அயலூரிலிருந்து வரும் இஸ்லாமியப் பெரியவர். அவர் சமயப்படி இரத்தம் உண்ணத்தகாதது. என் அன்னையார் வாளியை நீட்டும்போது, "கொடு, தங்கச்சி" என்று வாங்கி, ஒரு துளியும் சிந்தாமல் பிடித்துத் தருவார். இறைச்சிக்கு விலை வாங்குவார், இரத்தத்திற்கு வாங்கமாட்டார். ஒருமுறை என் அன்னையார் வற்புறுத்திக் காசு நீட்டியபோது, "இதுக்குக் காசு வாங்குறது எங்களுக்கு ஆகாது, தங்கச்சி. புள்ளைகளுக்கு ஆக்கிக் குடு" என்றார். இரத்தத்தை விற்றுப் பொருள் பெறுவதும் அவர் சமயத்தில் விலக்கு என்பதைப் பின்னாளில்தான் நான் படித்தறிந்தேன். தாம் உண்ணாத ஒன்றைப் பிறர் பிள்ளைகளுக்காக முகம் சுளிக்காமல் ஏந்தித் தந்த அந்தக் கைகள் இன்றும் என் கண்முன் நிற்கின்றன.

எங்கள் கடற்கரையில் இன்னொரு வழக்கமும் இருந்தது. கடலாமையை அறுத்து, அதன் பச்சை இரத்தத்தைச் சூடாறுமுன் குவளையில் பிடித்துக் குடிப்பர். இளைப்பு முதலிய நோய்கள் தீரும் என்று நம்பியே தூத்துக்குடிப் பக்கத்தில் இவ்வாறு செய்தனர். இன்று கடலாமைகள் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்பெறும் உயிர்கள். அவற்றைப் பிடிப்பதும் கொல்வதும் குற்றமாகும். அருகிவரும் உயிரினத்தைக் காக்க ஒரு வழக்கத்தைக் கைவிடுவது அறிவுடைமை. அந்த வழக்கத்தைக் கைக்கொண்டிருந்த முன்னோரைக் கீழ்மக்கள் என்று ஏசுவதற்கு அதில் இடமில்லை.

இரத்தம் எத்தகைய உணவு என்பதை அறிவியல் நோக்கிலும் பார்ப்போம். அதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு நீர். எஞ்சியதில் பெரும்பகுதி புரதம். வெளியே வந்த இரத்தம் உறைவதற்குக் காரணம் 'ஃபைப்ரின்' என்னும் புரத இழைகள் வலைபோல் பின்னிக்கொள்வது. சூடேறும்போது முட்டையின் வெண்கரு இறுகுவதுபோலவே இரத்தத்தின் புரதங்களும் இறுகும். செந்நிறம் தந்த ஹீமோகுளோபினிலுள்ள இரும்பு வெப்பத்தால் நிலை மாறுவதால் நிறம் கருமையடையும். இந்த இரும்புச்சத்தை உடல் எளிதில் ஏற்கும். கீரையிலும் தானியத்திலும் உள்ள இரும்பில் சிறு பங்கே உடலில் சேர்கிறது. இரத்தத்திலும் இறைச்சியிலும் உள்ள ஹீம் இரும்பிலோ நூற்றுக்கு 15 முதல் 35 பங்கு வரை சேரும் என்பர். உருசிய நாட்டில் மாட்டிரத்தத்தைப் பதப்படுத்திச் செய்யும் 'ஹெமடோஜென்' என்னும் இனிப்புக் கட்டி மருந்துக் கடைகளிலேயே விற்கப்படுகிறது.

2019-21-இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேர் இரத்தசோகை உடையவர்கள். அத்தகைய நாட்டில் இரும்புச்சத்து மிகுந்த எந்த உணவையும் எள்ளி நகையாடுவது பேதைமை. ஆயினும் இரத்தம் உண்டால் அஃது அப்படியே நம் இரத்தமாகிவிடும் என்று எண்ணுதல் தவறு. வயிறு அதையும் செரித்துச் சத்துகளாகப் பிரித்தே உடலுக்கு அளிக்கிறது. இரத்தசோகைக்கு மருத்துவரிடம் காட்டிச் சோதித்து மருந்து பெறுவதே முறை. புலால் உண்ணாதார் கேழ்வரகு, பயறு, கீரை ஆகியவற்றோடு நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்த்துக்கொண்டால் அவற்றின் இரும்பு கூடுதலாகச் சேரும்.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். இரத்தம் விரைவில் கெடும் பொருள். நலமான விலங்கிலிருந்து, தூய பாத்திரத்தில் பிடித்து, அன்றே நன்றாக வேகவைக்க வேண்டும். வியட்நாம் நாட்டில் பன்றி இரத்தத்தைப் பச்சையாக உறையவைத்து உண்ணும் வழக்கத்தால், 'ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சூயிஸ்' என்னும் நுண்ணுயிர் தொற்றி, மூளையுறை அழற்சிக்கும் செவிட்டுத்தன்மைக்கும் ஆளானோர் உண்டு. வெந்த உணவையும் வேகாத உணவையும் ஒன்றாக எண்ணலாகாது.

இவ்வளவு சத்துள்ள ஒன்றை உலகில் பலர் ஏன் விலக்கினர்? யூதர்களின் திருநூலான லேவியர் ஆகமம், உயிர் இரத்தத்தில் உறைகிறது என்று கருதி, அதை உண்ணலாகாது என விதித்தது. அதனால் யூதர் இறைச்சியை நீரில் ஊறவைத்து, உப்பிட்டு, இரத்தத்தை வடித்த பின்னரே சமைப்பர். இஸ்லாமியர்க்குக் குர்ஆன் இரத்தத்தை விலக்கியுள்ளது. ஆயினும் ஈரலும் மண்ணீரலும் அவர்களுக்கு ஆகும். வழிந்தோடும் இரத்தமே விலக்கு என்று அவர்களின் அறிஞர் விளக்குவர். சைவ உணவினரோ புலால் அனைத்தையுமே கொல்லாமை என்னும் அறத்தின் பொருட்டு விலக்கினர். இவற்றிற்கெல்லாம் ஆழ்ந்த காரணங்கள் உள்ளன. உயிரின் மேல் உள்ள மதிப்பே இவ்விலக்குகளின் வேர்.

கிறிஸ்தவரிடையே வரலாறு சுவையானது. முதல் நூற்றாண்டில் எருசலேமில் கூடிய திருத்தூதர்கள், புதிதாகச் சேர்ந்தவர்கள் இரத்தத்தை விலக்க வேண்டும் என்று முடிவு செய்ததாகத் திருத்தூதர் பணிகள் நூல் கூறுகிறது. கீழைத் திருச்சபையினர் அவ்விதியை நெடுங்காலம் உறுதியாகப் போற்றினர். 886 முதல் 912 வரை கான்ஸ்டாண்டிநோபிளில் ஆண்ட ஆறாம் லியோ பேரரசர் இரத்தம் அடைத்த பண்டங்களைச் செய்வதையும் விற்பதையும் சட்டத்தால் தடுத்தார். மேலைத் திருச்சபையோ அவ்விதி அக்காலத்துச் சூழலுக்கு உரியது என்று கொண்டது. புளோரன்ஸ் சங்கம் 1442-இல் அதனை வெளிப்படையாகவே அறிவித்தது. ஆகவேதான் கத்தோலிக்கராகிய என் அன்னையார் தவக்கால வெள்ளிக்கிழமைகளில் புலாலோடு இரத்தப் பொரியலையும் விலக்கி, ஞாயிறன்று மனத்தடையின்றிச் சமைத்தார். பிலிப்பைன்ஸ் நாட்டிலும் கத்தோலிக்கர் டினுகுவானை விரும்பி உண்ண, 1914-இல் அங்குத் தோன்றிய 'இக்லேசியா நி கிறிஸ்தோ' என்னும் சபையினர் அதே வேதநூலைக் காட்டி அதை அறவே விலக்குகின்றனர். அண்டை வீட்டார் இருவர், ஒரே மொழியினர், ஒரே நூலைப் படிப்பவர். இரத்தம் பற்றிய முடிவோ வேறு. நம் நாட்டிலும் கிறிஸ்தவ சபைகள் சிலவற்றைச் சேர்ந்தோர் இரத்தம் உண்பதில்லை.

பழங்காலத்தில் இரத்தம் இழிந்த பொருளாகக் கருதப்பட்டதா என்று பார்த்தால், அவ்வாறு சொல்வதற்கில்லை. திருமுருகாற்றுப்படையில், ஆட்டுக்கிடாயின் குருதியில் பிசைந்த வெள்ளரிசியை முருகனுக்குப் பலியாகப் படைக்கும் குறமகளைக் காண்கிறோம். கிரேக்கரின் ஒடிசி காவியத்தில் கொழுப்பும் இரத்தமும் அடைத்துச் சுட்ட ஆட்டு வயிறு, குத்துச்சண்டையில் வென்றவனுக்குப் பரிசாகிறது. ஸ்பார்ட்டா நாட்டு வீரர்களின் கருங்கஞ்சி இரத்தத்தால் ஆனது என்பர். இங்கிலாந்தில் இன்றும் பன்றி இரத்தமும் தானியமும் கலந்து செய்யும் பண்டம் காலையுணவில் இடம்பெறுகிறது. அதை உண்பதற்கு அங்கு எவரும் நாணுவதில்லை.

அவ்வாறாயின் நாணமும் ஏளனமும் எங்கிருந்து வந்தன? உண்பவர் யார் என்பதைப் பார்த்தே பெரும்பாலும் அவை வருகின்றன. நம் நாட்டில் இரத்தம் விலையின்றியோ மிகக் குறைந்த விலைக்கோ கிடைத்தது. ஏழைகள் அதை உண்டனர். விலங்கின் எந்தப் பகுதியையும் வீணாக்காமல் சமைக்கக் கற்றனர். ஏழ்மையின் மீதும் சாதியின் மீதும் சமூகம் சுமத்திய இழிவு அவர்களின் சட்டியிலும் படிந்தது. மராத்வாடாப் பகுதித் தலித் மக்களின் உணவைப் பற்றிச் சாஹு படோலே என்னும் எழுத்தாளர் 2015-இல் மராத்தியில் ஒரு நூல் வெளியிட்டார். இரத்தம் உள்ளிட்ட எளிய பொருள்களை அம்மக்கள் சமைத்த முறைகளையும், அதன் பொருட்டு அவர்கள் தாங்கிய ஏளனத்தையும் அந்நூல் பதிவு செய்கிறது. அது 2024-இல் ஆங்கிலத்திலும் வந்துள்ளது.

அருவருப்பு என்பது பெரிதும் பயின்று வருவது. தவழும் குழந்தை கையில் கிடைத்ததையெல்லாம் வாயிலிடுகிறது. எதைக் கண்டு முகம் சுளிக்க வேண்டும் என்பதை அது பெரியோரின் முகத்தைப் பார்த்தே கற்றுக்கொள்கிறது. ஆசிரியரின் முகமும் அம்முகங்களுள் ஒன்று. இனி நான் கூறவிருப்பதன் பொருட்டே இதனைச் சொன்னேன்.

1980-களின் பிற்பகுதியில் நான் உள்நாட்டு ஊர் ஒன்றில் இளம் ஆசிரியனாக இருந்தேன். ஏழாம் வகுப்பில் இறைச்சிக் கடைக் கூலியாள் ஒருவரின் மகன் பயின்றான். ஒருநாள் நண்பகலில் அவன் உணவுப் பாத்திரத்தைத் திறந்ததும் சுற்றியிருந்த சிறுவர் மூக்கைப் பொத்திக்கொண்டனர். "ரத்தம் தின்கிறான்! காட்டேரி!" என்று கூவினர். நான் அருகில் சென்றேன். அவன் பாத்திரத்தைக் கையால் மூடிக்கொண்டு, "ஈரல்தான், ஐயா" என்றான். மணத்தாலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அது ஈரலன்று, என் அன்னையார் ஞாயிறுதோறும் செய்யும் அதே இரத்தப் பொரியல். உடனிருந்த ஆசிரியர் ஒருவர் புன்னகையோடு என்னைப் பார்த்து, "உங்கள் கடற்கரைப் பக்கம் இதையும் உண்பார்களோ?" என்றார். "எங்கள் வீட்டில் இல்லை" என்றேன். அத்தோடு நில்லாமல் அச்சிறுவனை நோக்கி, "இதையெல்லாம் பள்ளிக்குக் கொண்டு வராதே" என்றும் சொன்னேன்.

அவன் பாத்திரத்தை மூடிவிட்டான். மறுநாள் முதல் வெறுஞ்சோறும் ஊறுகாயும் கொண்டுவந்து, வேப்பமரத்தடியில் தனியே அமர்ந்து உண்டான். ஆண்டு முடியுமுன் பள்ளிக்கு வருவதையும் நிறுத்திவிட்டான். அதற்கு வறுமை முதலிய வேறு காரணங்களும் இருந்திருக்கலாம். ஆயினும் அவன் பொய் சொன்னது அச்சத்தால். நான் பொய் சொன்னது மதிப்பை இழக்க விரும்பாமையால். இரண்டினுள் எது பெரிய பிழை என்பதில் எனக்கு ஐயமில்லை. பின்னர்த் தலைமையாசிரியனாக இருந்த ஆண்டுகளில், நண்பகல் உணவு வேளையில் மாணவரோடு அமர்ந்து உண்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். எவன் பாத்திரத்தைக் கண்டும் எவனும் முகம் சுளிக்கலாகாது என்பதே நான் அங்கு வகுத்த ஒரே விதி. அந்தச் சிறுவனுக்கு அதனால் பயனில்லை என்பதை அறிவேன்.

மாணவர்களே, உங்களுள் சிலர் நாளை விடுதிகளிலும் கப்பல்களிலும் அயல்நாடுகளிலும் பலரோடு ஒரே மேசையில் அமர்ந்து உண்பீர்கள். உங்களுக்கு ஆகாத உணவு அங்கு வரும். சமயத்தாலோ கொள்கையாலோ உடல்நிலையாலோ, வெறும் விருப்பமின்மையாலோ நீங்கள் அதை விலக்கலாம். அஃது உங்கள் உரிமை. "எனக்கு வேண்டா" என்று அமைதியாகக் கூறினால் போதும். 'சீ' என்ற சொல்லை மட்டும் அம்மேசையில் சொல்லாதிருங்கள். அதைக் கேட்பவனுக்கு அவ்வுணவோடு அதைச் சமைத்த தாயின் முகமும் நினைவுக்கு வரும். அவ்வாறே, நீங்கள் உண்பதை உண்ணாதவரையும் கேலி செய்யாதீர்கள். தெரியாமல் அவர் உணவில் கலந்து ஏமாற்றாதீர்கள். உணவின் உண்மைப் பெயரை அச்சமின்றிச் சொல்லக்கூடிய மேசையில்தான், விலக்க வேண்டியவர் அறிந்து விலக்க முடியும். உண்பவரும் தலைநிமிர்ந்து உண்ண முடியும்.

இதை எனக்குக் கற்பித்திருக்க வேண்டியவர் அந்த இஸ்லாமியப் பெரியவர். இளமையில் ஞாயிறுதோறும் அவரைக் கண்டேன். கண்டும் கற்காமல் போனேன். தமக்கு ஆகாததை அவர் வாழ்நாள் முழுதும் உண்ணவில்லை. தூக்குவாளியை ஏந்தித் தர ஒருநாளும் தயங்கியதுமில்லை.